முந்திக்கொண்டு வந்த கேக்

லாதா செலெஸ்ன்யோவா ஓர் எண்ணை ஒரு வாரமாக வாயால் சொல்லவில்லை. அவள் மட்டுமா, வோல்ஸ்க் நகரமே சொல்லவில்லை. கடையில் நூறு கிராம் பாலாடைக்கட்டி கேட்ட வெளியூர்க்காரனைக் கடைக்காரி துரத்திவிட்டாள். சாயங்காலத்தில் நூறு கிராம் வோத்கா ஊற்றச் சொல்லும் பெரியவர்கள் நூற்றைம்பதாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இந்தக் கட்டுப்பாட்டை அவர்களைப் போல முகம் கோணாமல் ஏற்றுக்கொண்டவர்கள் ஊரில் வேறு யாரும் இல்லை.

காரணம் இதுதான். உலக மகளிர் டென்னிஸ் பட்டியலில் லாதா நூற்று நான்காவது இடத்தில் இருந்தாள். அவளுக்கு வயது முப்பத்தொன்று. பெரிய போட்டிகள் நான்கின் வாசலுக்கும் அவள் போயிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்று, வாசற்படியிலிருந்தே திரும்பியிருக்கிறாள். நூற்றுக்குள் வந்தவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, நேராக உள்ளே போகலாம். நியூயார்க் போட்டிக்கு யார் நேராகப் போகலாம் என்பது நாளை, திங்கட்கிழமை, வெளியாகும் பட்டியலில் தெரிந்துவிடும். இன்று ஞாயிறு. சொந்த ஊரில், சிமென்ட் ஆலையின் விளையாட்டுக் கழகத்தில், இறுதி ஆட்டம். ஜெயித்தால் வழி உண்டு. தோற்றால், இலையுதிர் காலத்தில் மட்டையைப் பரண்மேல் போட்டுவிடுவதாக அப்பாவிடம் புத்தாண்டன்றே சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான், அவள் அப்படி.

வோல்ஸ்க்கில் எல்லாம் சிமென்ட். காற்றிலும் சிமென்ட்தான். மழைக்காலத்தில் வாயைத் திறந்துகொண்டு நடந்தால் வீட்டுக்குப் போவதற்குள் பல் கட்டியாகிவிடும் என்பார்கள். உலகம் முழுக்கச் செங்கல் நிறத்தில் இருக்கும் களிமண் ஆடுதரை இங்கே வெள்ளைத் தூசி படிந்து ரோஜா நிறத்தில் இருக்கும். அந்த ரோஜாத் தரையில்தான் லாதா நடக்கக் கற்றுக்கொண்டாள், விழக் கற்றுக்கொண்டாள், எழக் கற்றுக்கொண்டாள்.

காலையில் கழகத்தின் கூடத்தில் உட்கார்ந்து அவள் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். கூடத்தில் எள் போட்டால் எள் விழாது. ஆலையில் ஓய்வு பெற்றவர்கள், பெறாதவர்கள், பெறப்போகிறவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். எல்லோரும் பருவநிலையைப் பற்றியே பேசினார்கள்.

அப்போது கதவு திறந்தது. ஆலைச் சமையற்கூடத்து வண்டியோட்டி ஃபெதோத், மூச்சு வாங்க, ஒரு கேக்கைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். அதைக் கேக் என்று சொல்வதே குறைவு. ஒரு சின்னக் குடும்பம் அதில் குடியிருக்கலாம். நான்கு பக்கமும் பச்சைக் கிரீம், நடுவில் சர்க்கரை வலை, வலையின் இரண்டு பக்கமும் ரோஜாப் பூக்கள். வலைக்கு மேலே, கண் தெரியாதவரும் படிக்கும்படி, சிவப்பு எழுத்து:

எங்கள் லாதா உலகின் முதல் நூறில்! வாழ்த்துகள்!

கூடத்தில் மூச்சுச் சத்தம்கூட நின்றுவிட்டது.

பிறந்தநாளுக்கு முதல் நாள் வாழ்த்துச் சொன்னாலே பிறந்தவன் படுக்கையில் விழுந்துவிடுவான் என்று நம்புகிற ஊர் அது. பிறக்கப்போகிற குழந்தைக்குத் தொட்டில் வாங்க மாட்டார்கள். இன்னும் நடந்து முடியாத காரியத்துக்கு வாழ்த்துச் சொல்வதும் அந்தக் காரியத்தைக் கொண்டுபோய் வோல்காவில் முக்குவதும் ஒன்று. இங்கே சொல்வது மட்டுமா, கிரீமில் எழுதி, வண்டியில் வைத்து, ஊர் பார்க்கத் தள்ளிக்கொண்டு வந்தாகிவிட்டது.

"ஃபெதோத்!" கழகத்தின் தலைவி கபிடோலினா சவேல்யெவ்னா அலறினாள். "மூடி எங்கய்யா? மூடி வச்சுக் கொண்டு வான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"மூடியா? பூ நசுங்கிடும்னு எடுத்துட்டேன்" என்றான் ஃபெதோத். "இவ்வளவு அழகா இருக்கு, ஜனங்க பார்க்கட்டுமேன்னு..."

"ஜனங்க பார்த்துட்டாங்க. சந்தோஷமா?"

"நீங்கதானே எழுதச் சொன்னீங்க!"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கேக் போட ஆள் வராதுன்னு முன்னாடியே போடச் சொன்னேன். ஜெயிச்ச அப்புறம் எடுத்துக் காட்டலாம்னு இருந்தேன். ஐயோ, என் கையை வெட்ட!" அந்த அம்மாள், வெண்ணெய் திரண்ட நேரத்தில் தாழியை உடைத்தவளைப் போல, தலையில் அடித்துக்கொண்டாள்.

லாதா கட்டிய காலணிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து கட்டினாள். தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்வது அவள் வழக்கம். ஆனால் ஆடுதரையின் கோட்டை அவள் ஒருநாளும் மிதித்து நடந்ததில்லை. பயணம் கிளம்பும்முன் பெட்டியின் மேல் ஒரு நிமிஷம் உட்காராமல் கிளம்பியதும் இல்லை.

அவளுடைய அப்பா வெனியமின் குஸ்மிச், ஆலையில் மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தோஷம் கழிய இடது தோளுக்கு மேலாக மூன்று முறை துப்பினார். பின்னால் நின்றவர்கள் பழகியவர்கள் போல விலகிக்கொண்டார்கள்.

"மரத்தைத் தட்டுங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

தட்ட மரம் வேண்டுமே! சுவர் சிமென்ட், தரை சிமென்ட், மேஜை பிளாஸ்டிக், நாற்காலி இரும்பு. ஒருவர் பக்கத்திலிருந்தவர் தலையைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் சுவரில் ஆணியில் தொங்கிய ஒரு பழைய மர மட்டையைக் கண்டுபிடித்தார்கள். ஊரே வரிசையில் நின்று அதைத் தட்டியது. சிலர் இரண்டாம் முறையும் வரிசையில் வந்தார்கள். மட்டை விரிசல் விட்டது.

"தூக்கி வெளியில போட்டுடறேன்" என்று கபிடோலினா சவேல்யெவ்னா கேக்கின் மேல் பாய்ந்தாள்.

"சாப்பாட்டையா? கை விளங்காமப் போயிடும்!" என்று பத்துக் குரல்கள் தடுத்தன.

"அப்ப திருப்பி அனுப்பிடலாம்."

"கிளம்பி வந்தது திரும்பிப் போனா அதைவிடக் கெட்டது."

"மூடி வச்சுடலாம்."

"மூடினா எழுத்து அழிஞ்சிடுமா?"

எறியவும் முடியாது, அனுப்பவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. பார்க்கப் பார்க்கக் கேக் பெரிதாகிக்கொண்டே போனது. எதிராளி அஸ்யா, யெகதெரின்பூர்கிலிருந்து வந்த பதினேழு வயதுப் பெண், மட்டைப் பையைத் தோளில் போட்டபடி வாசலில் நின்று இதையெல்லாம் சர்க்கஸ் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லாதா எழுந்தாள். "ஒரு கத்தி குடுங்க" என்றாள்.

"லாதுஷ்கா, வேண்டாம்மா" என்றார் அப்பா.

"நடக்காததுக்குக் கேக் வெட்டினாத்தானே அப்பா தப்பு? நடந்து முடிஞ்சதுக்கு வெட்டலாமில்ல? எனக்கு நடந்து முடிஞ்சதுக்கா பஞ்சம்!"

கூடம் யோசித்தது. இந்த ஊரில் நல்ல காரியம் நடந்தவர்தான் மற்றவர்களுக்கு விருந்து வைக்க வேண்டும். புது வேலையா, விருந்து. பதவி உயர்வா, விருந்து. லாதா ஒரு விருந்தும் வைத்ததில்லை. ஒவ்வொரு முறையும் அடுத்த ஊருக்கு ரயில் காத்துக்கொண்டிருந்தது.

"ரொம்ப நாள் பாக்கி" என்றாள் லாதா. கத்தியின் முதுகால் சிவப்பு எழுத்தைச் சுரண்டி எடுத்தாள். கேக் மொட்டையானது. கூடத்தில் பாதி மூச்சு திரும்பியது.

முதல் துண்டு அப்பாவுக்கு. "இது நான் முதல் முதலா வெளிநாட்டுல ஆடினதுக்கு."

வெனியமின் குஸ்மிச் ஒன்பது வருஷம் வரிசையில் காத்திருந்து வாங்கிய கார் ஒன்று இருந்தது. அதன் பெயரும் லாதாதான். கார் வருவதற்குள் மகள் பிறந்துவிட்டாள், ஆசைக்கு அந்தப் பெயரை அவளுக்கு வைத்துவிட்டார். பிறகு காரும் வந்தது. மகளுக்குப் பதினாறு வயதானபோது, துருக்கியில் ஒரு போட்டிக்கு அனுப்ப அந்தக் காரை விற்றார். முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டு வந்தவளிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அந்த வண்டி குளிர்ல கிளம்பவே கிளம்பாது" என்றார் அவர், துண்டைப் பார்த்துக்கொண்டே. "நீயாவது கிளம்பினே."

"கிளம்பினேனே ஒழிய, முதல் மேட்ச்லயே நின்னுட்டேன்ப்பா."

"வண்டியும் அப்படித்தான். தள்ளினா ஓடும்."

இரண்டாவது துண்டு துஸ்யா அத்தைக்கு. அவள் பென்சா ரயிலில் பெட்டிக்காவல் பார்த்தவள். பயணிகளுக்கு டீ கொடுப்பது, படுக்கை விரிப்பது, இறங்கும் ஊர் வந்தால் எழுப்புவது எல்லாம் அவள் வேலை. பதினான்கு வயதில் லாதா பென்சாவுக்குப் போய் ஜெயித்த முதல் கோப்பை, அந்த ரயிலில்தான் அவள் தலையணையாக வந்தது.

"இது முதல் கோப்பைக்கு அத்தை. போற வழியெல்லாம் பெட்டிக் கதவுல பந்து அடிச்சுப் பழகினேன். நீங்க பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தீங்க."

"பார்க்காத மாதிரியா?" துஸ்யா அத்தை வெடித்தாள். "மூணு டீ கிளாஸை உடைச்சே! வண்டி குலுங்கினதுல உடைஞ்சுதுன்னு சொல்லி வச்சேன். அதுக்கப்புறம் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்துப் புதுசா போட்டாங்க, தெரியுமா? உன்னாலதான் பென்சா ரயில் இன்னைக்குக் குலுங்காம ஓடுது!"

கூடம் சிரித்தது. அவள் பெரிய துண்டாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மூன்றாவது துண்டு மருத்துவர் ரெனாத் இல்தாரொவிச்சுக்கு. இருபத்திரண்டு வயதில் லாதாவின் மணிக்கட்டு கழன்றது. மாஸ்கோவில் பெரிய மருத்துவர்கள் கையை விரித்தார்கள். வோல்ஸ்க் மருத்துவமனையில் இவர் அறுத்துத் தைத்தார். அடுத்த வருஷம் அவள் மெல்போர்னில் தகுதிச் சுற்று ஆடினாள், முதல் முறையாக ஒரு பெரிய போட்டியின் வாசலைப் பார்த்தாள்.

"இது மெல்போர்னுக்கு, டாக்டர்."

"ஒரு வருஷம் மட்டையைத் தொடாதேன்னு சொன்னேன். நாலு மாசத்துல ஓடிட்டே. உன் கையைப் பத்தி மாநாட்டுல பேசலாம்னு இருந்தேன், அதுக்குள்ள நீ டிவியில ஆடிட்டிருக்கே! என் பேச்சைக் கெடுத்தவ நீ." அவர் துண்டை வாங்கிக்கொண்டு அந்த மணிக்கட்டை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "நல்ல தையல்" என்று தனக்குத்தானே பாராட்டிக்கொண்டார்.

கபிடோலினா சவேல்யெவ்னா ஒரு மூலையில் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். அவளிடம் லாதா தட்டோடு நடந்து போனாள்.

"எனக்கு வேணாம். நான் சாப்பிட்டா தொண்டையில சிக்கும்."

"மூணு வருஷம் முன்னாடி இருநூறுக்கும் கீழே போயிட்டேன். ஸ்பான்சர் போனாங்க, பயிற்சியாளர் போனாரு. இனிமே யாரும் என்கூட ஆட வரமாட்டாங்கன்னு இருந்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க நீங்க விடியறதுக்கு முன்னாடியே வந்து இந்தக் கூடத்துக் கதவைத் திறந்து, அடுப்பை மூட்டி, எதிர்ல நின்னு பந்து போட்டீங்க. இது திரும்பி வந்ததுக்கு."

"எனக்கு ஆடவே தெரியாதே! உன் பந்தெல்லாம் என் மேலதான் பட்டுது. நீலம் பாரிச்சு நின்னேன்!"

"அதனாலதான் இந்தப் பெரிய துண்டு."

கபிடோலினா சவேல்யெவ்னா கேக்கைச் சாப்பிட்டாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள். தொண்டையில் சிக்கவில்லை.

அதற்குப் பிறகு கூட்டம் வரிசையில் நின்றது. வலை கட்டியவர், பந்து பொறுக்கியவர், "ஒருநாள் என் கடை வழியா நடந்து போனே" என்று சொன்னவர், எல்லோருக்கும் ஒரு காரணம் இருந்தது. லாதா யாரையும் மறுக்கவில்லை. காரணங்கள் தீர்ந்துபோகவே இல்லை. கேக்தான் தீர்ந்துகொண்டிருந்தது.

வரிசையின் கடைசியில் அஸ்யா நின்றாள்.

"உனக்கு எதுக்கு?" என்றாள் லாதா. "உனக்கும் எனக்கும் இன்னும் ஒண்ணும் நடக்கலையே."

"போன வருஷம் கசான்ல என்னைத் தோக்கடிச்சீங்களே, மறந்துட்டீங்களா? நான் மறக்கலை. குளியலறையில ஒரு மணி நேரம் அழுதேன்."

"அடடா. அப்ப ரெண்டு துண்டு."

அஸ்யா இரண்டையும் நின்ற இடத்திலேயே முடித்தாள்.

ஆட்டம் தொடங்கும்போது லாதாவுக்கு அந்தச் சிவப்பு எழுத்தின் நினைப்பே இல்லை. கை லேசாக இருந்தது. முதல் செட்டை அவள் எடுத்தாள். இரண்டாவதை அஸ்யா பறித்தாள். அந்தப் பெண் அடித்த பந்துகள் வோல்காவின் அக்கரையில் விழுந்துவிடுமோ என்று பார்த்தால், கோட்டுக்குள் விழுந்தன. மூன்றாவது செட்டில் மேலும் கீழுமாக இழுத்து, கடைசியில் லாதாவுக்கு வெற்றிக்கு ஒரு புள்ளி மட்டும் பாக்கி என்று வந்தது.

அஸ்யா ஓடிக்கொண்டே அடித்த பந்து பக்கக் கோட்டை நோக்கிப் பறந்தது. கோட்டு நடுவர் கையை நீட்டினார். "வெளியே!"

ஊர் வெடித்தது. தொப்பிகள் பறந்தன. ஒரு வாரமாகக் கட்டி வைத்திருந்த சொல் அத்தனை தொண்டைகளிலிருந்தும் ஒன்றாக வந்தது. "நூறு! நூறு! லாதா நூறு!" ஃபெதோத் பக்கத்தில் இருந்த யாரையோ தூக்கி முத்தமிட்டான்.

லாதா பந்து விழுந்த இடத்தருகே போனாள். ரோஜாத் தரையில் பந்தின் தடம் முட்டை வடிவில் இருந்தது. அதன் ஓரம் கோட்டைத் தொட்டிருந்தது. மயிரிழைதான், ஆனால் தொட்டிருந்தது. தலைமை நடுவர் தடத்தைப் பார்க்க இன்னும் நாற்காலியிலிருந்து இறங்கவில்லை. அவள் சும்மா நின்றால் போதும். கை குலுக்கினால் போதும். நியூயார்க் அந்த மயிரிழைக்கு இந்தப் பக்கம் இருந்தது.

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். நடக்காததற்கு எல்லோரும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காலையில் சுரண்டி எடுத்த சிவப்புக் கிரீமைவிடப் பெரிய எழுத்தில். இதை வாங்கிக்கொண்டால் யாருக்கு எதற்காக நன்றி சொல்வது?

அவள் காலால் தடத்தை அழித்தாள். "உள்ளேதான்" என்று நடுவரிடம் சொன்னாள். "புள்ளி அவளோடது."

கூட்டம் கத்திய வாயை அப்படியே இரண்டு கையாலும் பொத்திக்கொண்டது.

"எல்லாரும் திரும்பவும் துப்புங்க!" என்று வெனியமின் குஸ்மிச்சின் குரல் மட்டும் கேட்டது. துப்பினார்கள். பின் வரிசைகளில் இருந்தவர்களுக்கு அன்று சிறு தூறல்.

அதற்குப் பிறகு யாரும் கை தட்டவில்லை, மூச்சுவிடக்கூட யோசித்தார்கள். அஸ்யா அந்த கேமை எடுத்துக்கொண்டாள், செட் நீண்டுகொண்டே போனது. நல்ல புள்ளி ஒன்று விழுந்ததும் கூட்டத்தைப் பார்த்து, "என்ன இது, எழவு வீடா?" என்று கேட்டாள். அந்த அமைதியில் லாதாவுக்குப் பந்தின் சத்தம் மட்டும் கேட்டது. அப்பாவின் பழைய காரின் கதவு சாத்துவது போல, ஒரே சீரான சத்தம். அவள் ஓடினாள், திருப்பினாள், காத்திருந்தாள். வெயில் சாய்ந்து, தண்ணீர்க் குப்பிகள் காலியாகி, கடைசியில் அஸ்யாவின் பந்து வலையில் மோதி அவள் பக்கத்திலேயே விழுந்தது. இந்த முறை தடம் பார்க்க எதுவும் இல்லை.

இருவரும் வலையருகே கட்டிக்கொண்டார்கள்.

"கேக் கனமா இருந்துச்சு" என்றாள் அஸ்யா. "இல்லன்னா நீங்க தோத்திருப்பீங்க."

"ரெண்டு துண்டு எதுக்குக் குடுத்தேன்னு நினைச்சே?"

"அந்தப் புள்ளியை ஏன் குடுத்தீங்க?"

"உன்னோடதைத்தான் குடுத்தேன்."

கோப்பை கொடுத்தார்கள். கோப்பைக்கு வாழ்த்துச் சொல்லலாம், அது நடந்து முடிந்தது. சொன்னார்கள். ஆனால் அந்த மற்றொன்று? அதே நாளில் உலகின் வேறு ஊர்களிலும் ஆட்டங்கள். யார் யாருக்கு எத்தனை புள்ளி என்று திங்கட்கிழமைதான் தெரியும். ஆகவே ஊர் மறுபடி பல்லைக் கடித்துக்கொண்டது. ஒலிபெருக்கியைக் கையில் வாங்கிய கபிடோலினா சவேல்யெவ்னா, முகம் பீட்ரூட்டாகச் சிவந்து, கண்ணில் நீர் தளும்ப, "லாதா வெனியமினொவ்னா..." என்று அப்பா பெயரும் சேர்த்து மரியாதையாகத் தொடங்கி, நெடுநேரம் நின்று, "இன்னைக்கு வெயில் நல்லா இருந்துது" என்று முடித்தாள்.

மறுநாள் காலை வெனியமின் குஸ்மிச் சமையலறையில் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைபேசியை முறைத்தார். பட்டியல் வர வேண்டிய நேரத்தில் வந்தது. அவர் விரலால் கீழே கீழே தள்ளினார். நின்றார். மறுபடி மேலே போய்த் தள்ளிக்கொண்டு வந்தார்.

"அப்பா, சொல்லுங்க."

"தொண்ணூத்தி எட்டு."

"திருப்பிச் சொல்லுங்க."

"தொண்ணூத்தி எட்டு. செலெஸ்ன்யோவா. ரஷ்யா." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுத்துப் பிழைகூட இல்லை."

லாதா சன்னலைத் திறந்தாள். கீழே முற்றத்தில் ஊர் நின்றது. எப்போது வந்து நின்றார்களோ, யாரும் பேசாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தலையை ஆட்டியதுதான் தாமதம். கபிடோலினா சவேல்யெவ்னாவிடமிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. ஆலையின் சங்கு அதைக் கேட்டு வெட்கப்பட்டு அன்று ஊதவில்லை என்கிறார்கள். அதற்குப் பின் எல்லோரும். துஸ்யா அத்தை, ரெனாத் இல்தாரொவிச், ஃபெதோத், வழியோடு போன ஒருவர், அவருடைய நாய்.

லாதா சன்னலில் வயிறு வரை வெளியே சாய்ந்து, ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி நன்றி சொன்னாள். யாரையும் விட மனசு வரவில்லை. பின் வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை என்று மறுபடி சொன்னாள். சொல்லச் சொல்லப் புதிதாக ஆட்கள் முற்றத்துக்குள் வந்துகொண்டே இருந்தார்கள்.

டென்னிஸ் சங்கத்திலிருந்து மத்தியானம் தொலைபேசி வந்தபோது அவளுக்குத் தொண்டையில் காற்று மட்டும்தான் இருந்தது. அப்பா எடுத்தார்.

"நியூயார்க் போட்டிக்கு லாதா வெனியமினொவ்னாவின் பெயரை நேரடியாகப் பதிவு செய்கிறோம். வருவதாக அவர்களே சொல்ல வேண்டும். இருக்கிறார்களா?"

"இருக்கா" என்றார் வெனியமின் குஸ்மிச். "பேச முடியலை. ஆனா வருவா."